சட்டியில் ஒரு கொய்யா மரம்

தேயிலையும் மரந்தான், கவ்வாத்து பண்ணாமல் விட்டால் 30 அடிக்கும் வளரும். அதை இடுப்பளவில் வைத்திருக்கிற நமக்குப் போன்சாய் பெரிய வித்தையா என்ன?

லயத்து வாசல் மண் நமக்குச் சொந்தமில்லை. சட்டி மரமென்றால் காம்பரா மாறும்போது கூடவே தூக்கிப் போகலாம். முதலில் வளர்க்கக் கொய்யாவைத்தான் சொல்வோம். விதைக்கன்று காய்க்கச் சுணங்கும். காய்த்த மரத்தின் கிளையில் பதியம் போட்டு எடுங்கள். சட்டியின் அடியில் ஓட்டை வேணும்.

கொய்யா புதுத்துளிரில்தான் பூக்கும். ஆகவே பழம் பறித்ததும் கவ்வாத்து பண்ணுங்க. மொட்டு விட்ட பிறகு கத்தியை எடுக்காதீங்க. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வேரில் கால்வாசியை வெட்டிப் புதுமண் போட்டு, இரண்டு கிழமை நிழலில் வையுங்கள்.

இலை சிறுக்கும், பழம் சிறுக்காது. நாலைந்து காய் போதும், மீதியைப் பிஞ்சிலேயே கிள்ளணும். சட்டிக்கடியில் தட்டு வைக்கவேண்டாம். தண்ணி தேங்கினால் டெங்கு நுளம்பு வரும்.