வேலி அலரியும் கலப்பைக்கிழங்கும்

மாடு கடிக்காத வேலியாகவும் பூசைக்கு மலர் தருவதாகவும் இருப்பதனால், பொன்னலரியைக் கமக்காரர் பலர் வளவோரத்தில் நாட்டுகின்றனர். இதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சாயினும் வித்தே மிகக் கொடியது. உருண்ட பச்சைக் காய் சிறுபிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றுவதனாற்றான் அபாயம் விளைகின்றது. உண்ட பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். பின்னர் இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். முதல் நாளிற் தேறியதுபோற் காணப்பட்டவரும் அடுத்த நாளில் ஆபத்தடைவதுண்டு. ஆதலால் வீட்டில் வைத்துப் பார்த்திருத்தல் ஆகாது.

வேலி கத்தரித்த கொப்புகளை ஆட்டுக்கு எட்டும் இடத்திற் போடற்க. பச்சையிலையை வெறுக்கும் ஆடு வாடிய இலையைத் தின்றுவிடும். உலர்ந்தாலும் நஞ்சு நீங்குவதில்லை.

கார்த்திகைப்பூக் கொடி வேறுவகையில் ஏமாற்றும். தோட்டங் கொத்தும்போது வெளிப்படும் அதன் கிழங்கை வற்றாளங்கிழங்கென எண்ணி அவித்துண்டு உயிரிழந்தோர் உளர். அதிலுள்ள கொல்சிசீன் என்னும் நஞ்சு அவிப்பதனால் அழியாது. கலப்பைபோல் இரு கிளையாக வளைந்திருப்பதே அடையாளம். கலப்பைக்கிழங்கு என்னும் பெயரும் அதனால் வந்தது. பூவில்லாக் காலத்தில் இவ்வடிவமன்றி வேறு எச்சரிக்கை கிடைப்பது அரிது. ஆகவே பிள்ளைகள் கிண்டிக் கொணரும் கிழங்கைப் பாராது உலையில் இடவேண்டாம்.

நஞ்சுண்டது தெரிந்தால் வாயைக் கழுவுக. உப்புநீர் பருக்கி வாந்தியெடுப்பிக்க முயலவேண்டாம். 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். உண்ட காயின் மிச்சத்தையோ கிழங்குத் துண்டையோ உடன்கொண்டு சென்று வைத்தியரிடம் காட்டுக.