தஜஸ்ஸுஸ் எனும் துருவல்

ஓர் இரவு ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் மதீனாவைச் சுற்றி வந்தார்கள். சாத்திய ஒரு வீட்டினுள் விளக்கொளி, கூச்சல். உள்ளே மது அருந்துகிறார்கள் என்றார்கள் கலீஃபா. துருவிப் பார்க்காதீர் என்ற இறைக்கட்டளையை நாமல்லவா மீறிவிட்டோம் என்றார்கள் தோழர். உமர் (ரலி) அவர்கள் கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டார்கள் என்பது அறிவிப்பு.

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12-வது ஆயத்திலுள்ள அத்தடையை நாம் அண்டை வீட்டு வம்போடு நிறுத்திக்கொள்கிறோம். அது ஆட்சியாளரையும் கட்டுப்படுத்தும்.

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றைப் பாருங்கள். 2001-க்குப் பின் நியூயார்க் போலீசார் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களிலும் கடைகளிலும் மாணவர் சங்கங்களிலும் ஒற்றர்களை வைத்தனர். தொழ வந்தவர்களின் கார் எண்களையும் குறித்தனர். 2011-ல் பத்திரிகைச் செய்தியால் இது அம்பலமாயிற்று. முஸ்லிம்கள் வாழும் பகுதிகளைக் குறித்துவந்த தனிப்பிரிவால் ஒரு துப்பும் கிடைக்கவில்லை என 2012-ல் உயர் அதிகாரியே சாட்சியம் அளித்தார். 2014-ல் அப்பிரிவு கலைக்கப்பட்டது.

அதே ஆயத் முதலில் தடுப்பது சந்தேகத்தை. இங்கோ துருவலே சந்தேகத்தை விதைத்தது. புதிதாக வந்த சகோதரரின் ஸலாத்துக்குப் பதில் சொல்லும்போதே, இவர் யார் அனுப்பிய ஆளோ என்று ஜமாஅத்தார் மனம் குறுகினர்.