பார்த்தீனியமும் ஒவ்வாமையும்

பல வருடங்களின் பின் சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பத்தை முதலில் எதிர்கொள்வது பற்றைக்காடே. அதனுள் கரட் இலை போன்ற இலைகளும் சிறிய வெள்ளைப் பூக்களும் கொண்ட ஒரு செடி நிற்கக்கூடும். அதுவே பார்த்தீனியம். அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்களைத் தாயகமாகக் கொண்ட இக்களை, இலங்கையில் 1999இல் வவுனியாவில் பதிவு செய்யப்பட்டது.

இதனைப் பிடுங்கிய ஒருவருக்குக் கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகியன சிவந்து தடித்துக் கடிக்கின்றன. “போன வருடமும் வெறுங்கையால்தானே பிடுங்கினேன், ஒன்றும் செய்யவில்லையே!” என்கிறார் அவர். இதற்கான விடையே இன்றைய பாடம்.

முதல் முறை பழகும், மறுமுறை தாக்கும்

எமது உடலில் நிர்ப்பீடனத் தொகுதி என்னும் காவல் உண்டு. வெண்குருதிக் கலங்களே அதன் காவற்காரர். உள்ளே வரும் கிருமியை அவை அடையாளம் கண்டு நினைவில் வைத்து, அது மீண்டும் வரும்போது விரைவாகத் தாக்குகின்றன. தடுப்பூசி பயன் தருவதும் இதனாற்றான்.

சிலருடைய உடலில் இக்காவல் தீங்கற்ற பொருளையும் எதிரியென எண்ணிவிடுகின்றது. இதுவே ஒவ்வாமை. இது காவல் குறைந்ததனால் வருவதன்று. காவல் ஆளை மாறிப் பிடிப்பதனால் வருவது.

1902இல் சாள்ஸ் றிச்செற், போல் போர்ட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் கடற்சாமந்தி என்னும் கடலுயிரியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றினர். முதல் முறை தாங்கிய நாய், சில வாரங்களின் பின் மீண்டும் சிறிதளவே ஏற்றியபோது அரைமணி நேரத்துக்குள் இறந்தது. முதற் சந்திப்பு உடலைப் பாதுகாக்காமல் கூருணர்வடையச் செய்திருந்தது. இவ்வாய்வுக்காக றிச்செற் 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

இரண்டு வகை

விரைவான வகை: குளவி அல்லது தேனீ கொட்டுதல், இறால், நிலக்கடலை, பெனிசிலின் போன்றவற்றால் வருவது. முதற் சந்திப்பில் உண்டாகும் ஒருவகைப் பிறபொருளெதிரி, தோலிலும் சுவாசக் குழாயிலும் உள்ள மாஸ்ற் கலங்களில் ஒட்டியிருக்கும். அப்பொருள் மீண்டும் வந்ததும் அக்கலங்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகின்றன. சில நிமிடங்களிலேயே தோல் தடிக்கும்; மூச்சுக் குழாய் சுருங்கும்; குருதியமுக்கம் விழும். இது உயிரையும் பறிக்கலாம்.

தாமதமான வகை: பார்த்தீனியத்தால் தோலில் வருவது பெரும்பாலும் இதுவே. இங்கு ரி கலங்கள் எனப்படும் வெண்குருதிக் கலங்கள் தாமே தோலுக்கு வந்து தாக்குகின்றன. அதற்கு ஒன்று முதல் மூன்று நாட்கள் எடுக்கும். எனவே திங்கட்கிழமை பிடுங்கிய செடியின் வேலை புதன்கிழமை தெரியலாம். இது மற்றவருக்குத் தொற்றாது; நோயாளியை ஒதுக்கக் கூடாது. ஆனால் வீட்டில் பலருக்கும் இரவில் கடி இருந்தால் அது தொற்றும் சொறியாகவும் இருக்கலாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னரே, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். கையுறையும் நீண்ட கைச் சட்டையும் அணிந்து மூக்கையும் வாயையும் துணியால் மூடுங்கள்.

2. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் குளித்து, உடுத்த உடுப்பையும் தோயுங்கள்.

3. ஒருமுறை ஒவ்வாமை கண்டவர் இச்செடியை மீண்டும் தொட வேண்டாம்; அவ்வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்கட்டும்.

4. குளவி கொட்டிய பின்போ மருந்து எடுத்த பின்போ உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால், தலைசுற்றினால் தாமதிக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். நோயாளியைக் கிடத்திக் கால்களை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் இருத்துங்கள், நடக்க விடாதீர்கள். உயிர் காப்பது தொடையில் ஏற்றும் அட்றினலின் ஊசியே. அலர்ஜிக் குளிசை மட்டும் போதாது.

5. ஒவ்வாத மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையுடன் வைத்திருங்கள்.

இடம்பெயரும்போது கிளினிக் கொப்பி தொலைந்து போகலாம். புதிய ஊரின் வைத்தியருக்கு உங்களைத் தெரியாமலிருக்கலாம். ஆனால் உடல் தான் கற்றதை மறக்காமல் இருக்கலாம். ஆகவே அந்த மருந்தின் பெயரை வீட்டிலுள்ள அனைவரும், சிறுவர் உட்பட, மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.