மின்னேற்றும் வேகமும் பாட்டரியின் ஆயுளும்

பதறாத காரியம் சிதறாது என்பது நம் பெரியோர் வாக்கு. சிறு விமான மாதிரிகளைப் பறக்கவிடும் பொழுதுபோக்கில் ஈடுபட்டுள்ள என் போன்ற மாணவர்கள் இப்பழமொழியைப் பாட்டரிக்கும் பொருத்திப் பேசுவது வழக்கம். “மெதுவாக மின்னேற்று, நெடுநாள் உழைக்கும்” என்பார் ஒருவர். “அதெல்லாம் பழங்கதை” என்று மறுப்பார் மற்றொருவர். இவ்விருவரில் யார் கூற்று சரியானது? எனக்கு நேர்ந்த அனுபவத்தைக் கொண்டும், படித்தறிந்ததைக் கொண்டும் இதனை ஈண்டு ஆராய முற்படுகின்றேன்.

நான் வசிப்பது பெங்களூர் விவேக் நகரில். சென்ற ஆண்டு எஸ்.பி. ரோட்டுக் கடைத்தெருவில் ஒரே வகையான இரண்டு லிதியம் பாட்டரிகள் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் மூன்று கலங்கள். கொள்ளளவு 2,200 மில்லி ஆம்பியர்-மணி. 5 ‘சி’ வேகம் வரை மின்னேற்றலாம் என்று உறையில் அச்சிட்டிருந்தது. ‘சி’ என்பது வேறொன்றுமில்லை. பாட்டரியின் கொள்ளளவை ஒரு மணி நேரத்தில் நிரப்பவல்ல மின்னோட்டமே 1 ‘சி’. என் பாட்டரிக்கு அது 2.2 ஆம்பியர்; 4 ‘சி’ எனில் 8.8 ஆம்பியர். ஒரு பாட்டரியில் நீல நூலும் மற்றதில் சிவப்பு நூலும் கட்டினேன். நீலத்திற்கு எப்போதும் 1 ‘சி’; சிவப்பிற்கு 4 ‘சி’. இரண்டையும் மாறி மாறி ஒரே விமானத்தில் பயன்படுத்தினேன்.

நான்கு மடங்கு வேகம் என்றால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். முடிவதில்லை. ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட்டை எட்டியதும் கருவி அம்மின்னழுத்தத்திலேயே நின்று, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. விரைந்து ஏற்றினால் 4.2 வோல்ட்டை எட்டும் நேரம் முந்துகிறது. கடைசிப் பகுதி நீளுகிறது. ஆகவே எனக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 நிமிடக் கணக்கே.

இனி, கலத்தினுள் நடப்பதைக் காண்போம். எதிர்மின்வாயில் இருப்பது கிராபைட்டு, அதாவது பென்சிலில் உள்ள அதே கரி. அது ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. மின்னேற்றும்போது லிதிய அயனிகள் திரவத்தின் வழியே வந்து இவ்வேடுகளின் இடையே புகுந்து அமர்கின்றன. ஆறு கரி அணுக்களுக்கு ஒரு லிதியம் என்பது நிறைந்த நிலை. எங்கள் பகுதியிலுள்ள குழந்தை இயேசு ஆலயத்தை வியாழக்கிழமைகளில் பார்த்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. மக்கள் நிதானமாக வந்தால் வாயிலில் நுழைந்து உள்ளே சென்று அமர்ந்துவிடுகிறார்கள். பத்துப் பேருந்துகள் ஒரே நேரத்தில் வந்து நின்றாலோ, உள்ளே இடமிருந்தும் வாசலிலேயே கூட்டம் தேங்கிவிடுகிறது. அயனிகளும் அவ்வாறே. உட்புகும் வேகத்தை வந்து சேரும் வேகம் மிஞ்சினால், அவை கிராபைட்டின் மேற்பரப்பிலேயே லிதிய உலோகமாகப் படிந்துவிடுகின்றன. அவ்வுலோகத்தில் ஒரு பகுதி திரவத்தோடு வினைபுரிந்து வீணாகிறது. இனி அது மின்சாரம் சுமக்க வராது. எஞ்சியது சில வேளைகளில் ஊசி போல வளர்ந்து, இரு மின்வாய்களுக்கும் இடையேயுள்ள மெல்லிய தடுப்பைத் துளைக்கவுங்கூடும். தீ விபத்துக்கு அது ஒரு வழி.

வெப்பத்தின் கணக்கு தனி. மின்னோட்டம் நான்கு மடங்கானால் நொடிதோறும் பிறக்கும் வெப்பம் பதினாறு மடங்காகிறது. நேரம் கால் பங்காகக் குறைந்தாலும் மொத்த வெப்பம் நான்கு மடங்கு. சூட்டில் திரவம் சிதைந்து வாயு உண்டாகிறது. பாட்டரி உப்புவது இதனால்தான். அப்படியானால் குளிர்ச்சி நல்லதா எனில், அதுவும் இல்லை! குளிரில் அயனிகள் ஏடுகளுக்குள் புகும் வேகம் மேலும் குறைந்துவிடுகிறது. பெங்களூரில் டிசம்பர், சனவரி விடியற்காலைகளில் வெப்பநிலை 15 பாகை அளவிற்கு இறங்குவதுண்டு. பறக்கவிடப் புறப்படும் அவசரத்தில் நான் சன்னலோரத்தில் சிவப்பு பாட்டரிக்கு 4 ‘சி’ கொடுத்ததெல்லாம் அந்நேரத்தில்தான். சூடு ஏறவில்லையே என்று மகிழ்ந்தும் இருந்தேன்.

ஏறத்தாழத் தொண்ணூறு முறை ஏற்றிய பின், சிவப்பு பாட்டரி 1,700க்கு மேல் ஏற்கவில்லை. நீலமோ 2,050 வரை ஏற்றது. சிவப்பின் உட்தடை இரு மடங்காகியிருந்தது. இரண்டே பாட்டரிகளைக் கொண்டு கண்டதை விஞ்ஞான முடிவென்று நான் சாதிக்க வரவில்லை. எனினும் அதன்பின் நடந்ததை மறக்க இயலாது. ஒருநாள் அம்மா மேசையைத் துடைக்கும்போது, “என்னடா இது, பூரி மாதிரி உப்பிப் போயிருக்கு?” என்று கேட்டார்கள். காற்றை வெளியேற்றினால் சரியாகிவிடும் என்று பத்து வயதுத் தம்பி ஓர் ஊசியை எடுத்துக் கொண்டு வந்துவிட்டான். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தனர். அவ்வூசி உள்ளே இறங்கியிருந்தால், மின்வாய்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அவன் கையிலேயே தீப்பற்றியிருக்கும். எரியத் தக்க திரவம் அது.

நீல பாட்டரி நெடுநாள் வாழ்ந்ததா என்று கேட்பீர்கள். அதையும் நானே கெடுத்தேன். தேர்வுக்கு முன்னர் முழுமையாக மின்னேற்றி, ஏப்ரல் வெயிலில் ஆறு வாரம் அலமாரியில் வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது அதுவும் சற்றே உப்பியிருந்தது. 4.2 வோல்ட்டில் நிறுத்திச் சூட்டில் வைப்பது, விரைந்து ஏற்றுவதற்குச் சளைத்த கொடுமையன்று. பயன்படுத்தாத நாட்களில் கலத்திற்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருக்க வேண்டும்.

எல்லாப் பாட்டரிக்கும் மெதுவே நன்று என்று எண்ணுவதும் பிழை. ரேடியோ கருவிகளில் இடும் நிக்கல்-உலோக ஹைட்ரைடு கலங்களை எடுத்துக்கொள்வோம். அவை நிரம்பியவுடன் மின்னழுத்தம் மிகச் சிறிதே சரிகிறது; அச்சரிவைக் கண்டுதான் தானியங்கிக் கருவி நிற்கிறது. மிக மெதுவாக ஏற்றினால் சரிவு புலப்படாமல் போய், கருவி நிற்காமலே கலத்தை வதைக்கும். ஆதலின் அவற்றிற்கு அரை ‘சி’ முதல் 1 ‘சி’ வரையிலான வேகமே பொருத்தம்.

1859ல் பிரான்சு நாட்டுப் பிளான்டே ஈயச் சேமக்கலத்தை அமைத்தார். 1991ல் சோனி நிறுவனம் லிதிய அயனிக் கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019ல் இத்துறைக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் தமிழகத்தில், அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் பொருளிலும் எழுந்து, 1953ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இக்கலங்களை ஆய்ந்து வருகிறது. விடுமுறையில் காரைக்குடிப் பக்கம் செல்லும் நண்பர்கள் அதனை நினைவிற் கொள்க.

இப்போது நான் வீட்டில் 1 ‘சி’க்கு மேல் ஏற்றுவதில்லை. மைதானத்தில் அவசரமானால் 2 ‘சி’. அதுவும் பறந்து வந்த சூடு ஆறிய பின். ஏற்றும் நேரமெல்லாம் அருகிலேயே இருக்கிறேன். சிவப்பு பாட்டரியை மொட்டை மாடியில் ஒரு சிறு பல்புடன் இணைத்து முற்றிலும் இறக்கி, மணல் நிரப்பிய வாளியில் வைத்துச் சென்று, மின்னணுக் கழிவு பெறுமிடத்தில் ஒப்படைத்தேன். வாளி மட்டும் இன்னும் என் மேசைக்கடியில் மணலுடன் இருக்கிறது. அம்மா இருமுறை கேட்டுவிட்டார்கள்.