வீட்டுக்குள் நெல்லை ஜங்ஷன்: நகரும் தண்டவாள மேசை செய்யும் முன்

மதுரை, நாகர்கோவில், தென்காசி, திருச்செந்தூர் என்று நாலு திசைக்கும் வண்டி பிரியும் நெல்லை ஜங்ஷனைப் பத்தடி அறைக்குள் மாதிரியாகக் கட்ட இறங்கினால், முதலில் முட்டுவது இடம்தான். ஐந்து பாதைக்கு, தடம் பிரிக்கும் பாயின்ட் நான்கு வேண்டும். அவற்றுக்கே மூன்றடி போய்விடும். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பெட்டிகளைப் பக்கவாட்டில் நகர்த்தும் டிராவர்சரைச் சின்னதாகச் செய்துகொண்டால் அந்த மூன்றடி மிச்சம். ஆனால் மேசையும் நிலைப்பலகையும் சேரும் இணைப்பில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சக்கரம் இறங்கிவிடும். கீழே உள்ள கணக்கெல்லாம் எச்.ஓ. அளவுக்கு, அதாவது 1:87.

செய்ய வேண்டியவை

• வண்டியை இன்றைக்கே அளந்துவிடுங்கள். ஐ.சி.எஃப். பெட்டி பஃபரோடு 22.3 மீட்டர், உங்கள் மேசையில் 256 மி.மீ.; டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சின் 236 மி.மீ. எஞ்சினோடு நாலு பெட்டி என்றால் 1,260 மி.மீ. மேசையை நாலரை அடி நீளம் வையுங்கள்; 1,260-க்குக் குறைந்தால் கடைசிப் பெட்டி வெளியே நிற்கும்.

• பாதைக்குப் பாதை 60 மி.மீ. விடுங்கள். தடம்புரண்ட பெட்டியை எடுக்க விரல் நுழைய வேண்டும்.

• ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 18 மி.மீ. பிளைவுட் வாங்கி, ஆறு பக்கமும் பெயின்ட் அடியுங்கள். வெட்டிய ஓரம் வழியாகத்தான் ஐப்பசி ஈரம் உள்ளே போகும்.

• 20 அங்குல டெலஸ்கோபிக் சேனல் போடுங்கள். மேசை நகர்வது 240 மி.மீ.தான், ஆனால் சின்ன சேனல் முழுக்க நீண்டால் நுனி தொங்கும்.

• மேசையின் இரண்டு முனையிலும் பித்தளை டவர் போல்ட் வையுங்கள். தாழ்ப்பாள் நிலைச்சட்டத்தில், அது விழும் வளையங்கள் மேசையில், பாதைக்கு ஒன்றாக. ஒரு முனைத் தாழ்ப்பாள் ஒரு தண்டவாளத்துக்கு, மறுமுனையது மற்றதற்கு மின்சாரம் கொடுக்கட்டும். நேராக நிற்கும் பாதைக்கு மட்டும் கரன்ட் வரும். மற்ற நாலு வண்டியும் அசையாது. நேர்கோடும் மின்சாரமும் ஒரே தாழ்ப்பாளில் முடிகிற இந்த வழியைவிட நல்லதை நான் பார்த்ததில்லை.

• தாழ்ப்பாள் போட்டபின், இடைவெளிக்கு மேலாகத் தண்டவாளத்தை முழுசாக ஓட்டி, இரு பக்கமும் காப்பர் கிளாட் (செம்புத் தகடு ஒட்டிய பலகை) துண்டில் சால்டர் வைத்து, கடைசியாக அறுங்கள். தனித்தனியாக வெட்டிய இரண்டு துண்டைப் பிறகு நேர் பார்ப்பது பெரும்பாடு.

• வெட்டிய இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டினால் அரம் போடுங்கள்.

செய்யக்கூடாதவை

• பார்ட்டிகிள் போர்டு வாங்காதீர்கள். ஒரே மழைக்காலத்தில் ஊதி, ஐந்து பாதையும் ஐந்து உயரமாக நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

• தண்டவாளத்தின் இரு முனையையும் இறுக்காதீர்கள். காலைக்கும் சித்திரை மதியத்துக்கும் 20 டிகிரி ஏறினால், நாலரை அடி நிக்கல் சில்வர் அரை மி.மீ. நீளும். இணைப்பு முனை மட்டும் சால்டர். மறுமுனை சும்மா கிடக்கட்டும்.

• காப்பர் கிளாட் துண்டின் நடுவே செம்பைக் கீறாமல் விடாதீர்கள். முதல் சுவிட்சிலேயே ஷார்ட் ஆகும்.

• சேனலுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

• ஓரத்தைப் பிடித்துத் தள்ளாதீர்கள். மேசை கோணிக்கொள்ளும், நடுவில் ஒரே கைப்பிடி போதும்.

• கன்ட்ரோலரை அணைக்காமல் மேசையை நகர்த்தாதீர்கள். நிலைப்பலகையில் ஓடி வரும் எஞ்சின் நேராகத் தரைக்குத்தான் போகும்.

• தரைத்தளத்தில் இருந்தால், கழற்ற முடியாதபடி மேசையைச் சுவரோடு பூட்டாதீர்கள். 2023 டிசம்பர் 17-ம் தேதி பெய்த மழையில் தாமிரபரணிக் கரையெங்கும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் அருகே ஜல்லி அடித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்திலேயே நின்றது. நாலு போல்ட்டைக் கழற்றினால் இரண்டு பேர் மாடிக்குத் தூக்கிப் போகும்படி மேசையைச் செய்யுங்கள்.