கடன் பாக்கியைப் பார்க்கலாம், மாற்ற முடியாது

நம்மவர்களின் கடைகள் பலவற்றில் கடன் கொப்பி கணினிக்குள் போய்விட்டது. நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஒரு மொத்த வியாபாரக் கடையில் அதை மைக்ரோசொப்ட் அக்செஸில் செய்து வைத்திருக்கிறார்கள். கொப்பியில் 48,500 ரூபாவை 8,500 ஆக்கினால் வெட்டிய அடையாளம் தெரியும். அக்செஸில் ஒன்றும் தெரியாது. எக்செலைப் போல 'சேமிக்கவா?' என்றும் அது கேட்பதில்லை. கை தவறி ஓர் இலக்கத்தை அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாலே மாற்றம் பதிவாகிவிடும். நகருமுன் எஸ்கேப் விசையை அழுத்தினால் பழைய தொகை திரும்பும்தான். தவறியதே தெரியாதவர் அதை எங்கே அழுத்தப் போகிறார்? பிறகு வாடிக்கையாளரோடு வாய்த்தர்க்கம்.

எனவே பாக்கி காட்டும் போமை டிசைன் வியூவில் திறந்து, புரொபட்டி ஷீட்டில் டேட்டா பகுதிக்குச் செல்லுங்கள். அங்கே அலவ் எடிட்ஸ், அலவ் டிலீஷன்ஸ், அலவ் அடிஷன்ஸ் மூன்றுக்கும் 'நோ' கொடுத்தால் போதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆளின் பெயரைத் தேட அதே போமில் ஒரு பெட்டி வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அப்படியானால் அலவ் எடிட்ஸை மட்டும் 'யெஸ்' என விட்டு, தொகை, திகதி போன்ற பெட்டிகளைத் தனித்தனியே தெரிவு செய்து லொக்ட் என்பதற்கு 'யெஸ்' கொடுங்கள். சிலர் எனேபிள்டை 'நோ' ஆக்குவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. எழுத்து மங்கிவிடும், தொகையைக் கொப்பி பண்ணவும் முடியாது.

பூட்டியது போமை மட்டுமே என்பதை முதலாளிமார் மறக்கக் கூடாது. இடப்பக்கப் பட்டியலில் டேபிளை இரட்டைக் கிளிக் செய்பவருக்கு எல்லாம் திறந்தே இருக்கும். அந்தப் பட்டியலை மறைத்து வைத்தாலும், ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு பைலைத் திறந்தால் அது வந்து நிற்கும். ஆக, இது கைத்தவறுக்கான காவல், கள்ளத்தனத்துக்கு அல்ல. அந்தப் பயமும் இருந்தால் டேபிள்களை இலவசமாகக் கிடைக்கும் எஸ்.கியூ.எல். சேர்வர் எக்ஸ்பிரஸுக்கு மாற்றி, விற்பனையாளருக்கு வாசிக்கும் உரிமையை மட்டும் அங்கேயே கொடுப்பதுதான் வழி.

உண்மையிலேயே பிழையான தொகை பதிந்திருந்தால்? பழைய வரியைத் தொடாமல், திருத்தம் என்று புதிய வரி போடுங்கள், திகதியோடும் போட்டவர் பெயரோடும். அதற்கு வேறு போம் வேண்டும்.

பூட்டிய பெட்டிகளுக்கு இளஞ்சாம்பல் நிறம் கொடுக்க மறவாதீர்கள். வெள்ளையாகவே விட்டால், கீபோர்ட் பழுதென்று கடைப் பொடியன் அதைக் கழற்றித் தட்டிக்கொண்டிருப்பான்.