பழைய ஆட்டத்தில் சத்தம் இல்லையா, மவுஸ் நகரவில்லையா?

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடத்தில் இருக்கிறது கல்லாறு. கேரளத்தின் மற்ற அரசுப் பள்ளிகளைப் போலவே இந்த மலையடிவாரப் பள்ளிகளிலும் பிள்ளைகள் கை வைப்பது லினக்ஸ் கணினிகளில்தான். 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கிய திட்டம் 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. மறு ஆண்டே 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் வந்தன. கைட் தரும் இயங்குதளம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. அந்த உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்திலேயே, பழைய டாஸ் ஆட்டங்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது.

தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன அப்பா அம்மாக்களுக்கு டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா, பாராட்ரூப்பர், உல்ஃபென்ஸ்டைன் போன்ற ஆட்டங்கள் எல்லாம் அறிமுகம். அவற்றைத் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று டாஸ்பாக்ஸில் திறந்தால் படம் வரும், சத்தம் வராது. சத்தம் வந்தால் மவுஸ் சிக்கிக்கொள்ளும். இரண்டையும் சரிசெய்துவிடலாம். எங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

டாஸ்பாக்ஸ் வெறும் ஆட்டம் ஓட்டும் செயலி அல்ல. ஒரு பழைய கணினி முழுவதையும், அதன் ஒலி அட்டை உட்பட, மென்பொருளாகவே கட்டி எழுப்புகிறது. ஆகவே சத்தம் மூன்று இடங்களைத் தாண்டி வர வேண்டும்: ஆட்டத்தின் சொந்த அமைப்பு, டாஸ்பாக்ஸின் போலி ஒலி அட்டை, கடைசியாக நம் நிஜக் கணினி. கோளாறு இந்த மூன்றில் எங்கே என்று கண்டுபிடிக்காமல் பத்து அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றுகிறவர்கள்தான் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் நிஜக் கணினி. வேறொரு பாட்டை ஒலிக்கவிட்டுப் பாருங்கள். புளூடூத் ஹெட்போன் போட்டிருந்தால் சோதனை முடியும்வரை கழற்றிவிடுங்கள். அது சத்தத்தைத் தாமதமாகத் தருவதால், துப்பாக்கி சுடுவது ஒரு நேரத்திலும் அதன் ஓசை இன்னொரு நேரத்திலும் வரும். இல்லாத கோளாறைத் தேட வேண்டியதாகிவிடும்.

அடுத்து, நம்பகமான ஒரு சோதனை ஆட்டம் வேண்டும். 1993இல் வந்த 'டூம்' ஆட்டத்தின் ஷேர்வேர் பதிப்பு இதற்கு ஏற்றது. அதைக் காசில்லாமல் பகிரலாம். ஒலி அட்டையைத் தேர்ந்தெடுக்க அதனுடனே 'செட்டப்' நிரலும் வருகிறது. இசைக்கு எந்த அட்டை, ஓசைகளுக்கு எந்த அட்டை என்று அது தனித்தனியாகக் கேட்கும். இரண்டுக்கும் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்று கொடுங்கள். 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் கொண்டுவந்த இந்த அட்டைதான் டாஸ் ஆட்டங்களின் பொது மொழியானது. டாஸ்பாக்ஸ் தானாகவே நடிப்பதும் அதன் வாரிசான சவுண்ட் பிளாஸ்டர் 16 ஆகத்தான்.

செட்டப் இப்போது சில எண்களைக் கேட்கும். டாஸ்பாக்ஸின் போலி அட்டை உட்கார்ந்திருக்கும் முகவரி 220. ஐ.ஆர்.க்யூ. 7. டி.எம்.ஏ. 1. பதினாறு பிட் டி.எம்.ஏ. கேட்டால் 5. ஒலிக் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த நான்கு எண்களில் ஒன்று பொருந்தாததால் வருவதுதான். சில ஆட்டங்கள் ஐ.ஆர்.க்யூ. 5 மட்டுமே ஏற்கும். அப்போது ஆட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பைத் திறந்து, 'எஸ்.பிளாஸ்டர்' பகுதியில் ஐ.ஆர்.க்யூ. வரியில் 7ஐ 5 ஆக்கிவிடுங்கள். லினக்ஸில் இந்தக் கோப்பு ஹோம் அடைவுக்குள் மறைந்திருக்கும் டாஸ்பாக்ஸ் அடைவில் இருக்கும். கோப்பு மேலாளரில் கன்ட்ரோலுடன் எச் அழுத்தினால் அது கண்ணில் படும். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவிலேயே 'டாஸ்பாக்ஸ் ஆப்ஷன்ஸ்' என்று இருக்கிறது.

காது கொடுத்துக் கேட்டால், எந்த எண் தப்பு என்பதைக் கோளாறே சொல்லிவிடும்.

இசை வருகிறது, வெடிச் சத்தமும் கதவுச் சத்தமும் வரவில்லை என்றால் மேலே சொன்ன எண்களைச் சரிபாருங்கள். இசையை உருவாக்குவது யமஹாவின் எஃப்.எம். சில்லு. பதிவுசெய்த ஓசைகளை வாசிப்பது அட்டையின் வேறொரு பகுதி. அந்தப் பகுதிக்குத்தான் ஐ.ஆர்.க்யூ.வும் டி.எம்.ஏ.வும் தேவை. ஒரு சிறு துண்டு ஓசை திரும்பத் திரும்ப ஒலித்தாலோ, முதல் ஓசையோடு ஆட்டம் உறைந்துபோனாலோ ஐ.ஆர்.க்யூ. மீது சந்தேகப்படுங்கள். 'வாசித்து முடித்துவிட்டேன்' என்று அட்டை அனுப்பும் சேதி ஆட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம்.

நேர்மாறாக, ஓசைகள் வருகின்றன, இசை மட்டும் இல்லையா? செட்டப்பில் இசைக்கு 'ஜெனரல் மிடி' அல்லது 'ரோலண்ட்' தேர்வாகியிருக்கும். மிடி என்பது ஒலி அல்ல, எந்தச் சுரத்தை எப்போது வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு. விண்டோஸில் அதை வாசிக்க ஒரு கருவி உள்ளேயே இருக்கிறது. லினக்ஸில் ஃப்ளூயிட்சின்த் போன்ற ஒன்றை நாமே நிறுவ வேண்டும். எளிய வழி, இசையையும் சவுண்ட் பிளாஸ்டருக்கே மாற்றுவது. நல்ல மிடி இசை கேட்டே ஆக வேண்டும் என்பவர்கள் டாஸ்பாக்ஸ் ஸ்டேஜிங் என்ற புதிய கிளைப் பதிப்புக்கு மாறலாம். அதில் ஃப்ளூயிட்சின்த் உள்ளேயே இணைக்கப்பட்டிருக்கிறது.

சத்தம் கரகரவென்று உடைந்து வருவது வேறு கதை. இங்கே எண்கள் சரியாகவே இருக்கும். தாங்க முடியாத வேகத்தை டாஸ்பாக்ஸ் நம் கணினியிடம் கேட்டுக்கொண்டிருக்கும். பழைய மடிக்கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். ஆட்டம் ஓடும்போதே கன்ட்ரோலுடன் எஃப்11 அழுத்தினால் போலிக் கணினியின் வேகம் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். சன்னலின் தலைப்பில் எண் மாறுவதைப் பார்க்கலாம். கரகரப்பு நிற்கும்வரை குறையுங்கள். அப்படியும் தீராவிட்டால், அமைப்புக் கோப்பின் 'மிக்சர்' பகுதியில் பிளாக்சைஸை 1024இலிருந்து 2048 ஆக்குங்கள். ப்ரீபஃபரை 50 வரை உயர்த்திப் பாருங்கள். சத்தம் ஒரு கணம் பிந்தும், ஆனால் உடையாது.

ஒன்றை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். பாராட்ரூப்பர் 1982இல் வந்தது, டிக்கர் 1983இல். சவுண்ட் பிளாஸ்டர் பிறக்காத காலம். அவற்றில் கேட்கும் 'பீப்' சத்தம்தான் அசல், அதைச் செழுமைப்படுத்த எந்த அமைப்பும் கிடையாது. அந்தக் கால ஆட்டம் தலைதெறிக்க ஓடினால் தலைப்பில் தெரியும் வேக எண்ணைச் சுமார் 300க்கு இறக்குங்கள். ஐ.பி.எம். பி.சி.யின் 4.77 மெகாஹெர்ட்ஸுக்கு அது கிட்டத்தட்டச் சமம்.

மவுஸ் யார் கையில்?

ஒரே மவுஸுக்கு இப்போது இரண்டு கணினிகள் உரிமை கொண்டாடுகின்றன. சன்னலுக்குள் ஒருமுறை சொடுக்கினால் டாஸ்பாக்ஸ் மவுஸைத் தன்வசம் எடுத்துக்கொள்ளும். கன்ட்ரோலுடன் எஃப்10 அழுத்தினால் விட்டுவிடும். பல மடிக்கணினிகளில் எஃப் விசைகள் ஒலியளவு, வெளிச்சம் போன்றவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். பக்கத்திலேயே இருக்கும் எஃப்9 பற்றி எச்சரிக்கை தேவை. கன்ட்ரோலுடன் அதை அழுத்தினால் டாஸ்பாக்ஸ் எதுவும் கேட்காமல் மூடிக்கொள்ளும். சேமிக்காத ஆட்டம் போய்விடும். பிள்ளைகளிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆட்டத்துக்குள் மவுஸ் அசையவே இல்லையென்றால், அந்த ஆட்டத்துக்கு மவுஸ் உண்டா என்று பாருங்கள். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் மவுஸுக்கு வேலையே இல்லை. டூமில் செட்டப்பிலும், உல்ஃபென்ஸ்டைனில் கன்ட்ரோல் பட்டியலிலும் மவுஸை இயக்கிவிட வேண்டும். பழைய பழக்கத்தில் தனி மவுஸ் டிரைவரை ஏற்றத் தேவையில்லை. டாஸ்பாக்ஸுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது.

டச்பேடில் ஆடுபவர்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை வரும். நடக்கும் விசையை அழுத்தியிருக்கும்வரை மவுஸ் செத்துக் கிடக்கும், விட்டதும் உயிர் பெறும். தட்டச்சு செய்யும்போது உள்ளங்கை பட்டுச் சுட்டி நகர்ந்துவிடாமல் இருக்க லினக்ஸும் விண்டோஸும் வைத்திருக்கும் காப்பு அது. டச்பேட் அமைப்புகளில் அணைக்கலாம். அதைவிட ஒரு சாதாரண வயர் மவுஸ் சொருகுவதே நல்லது.

திரும்பினால் பார்வை பம்பரமாகச் சுழல்கிறது, அல்லது சுட்டி ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொள்கிறது என்றால், பெரும்பாலும் டாஸ்பாக்ஸ் ஒரு மெய்நிகர்க் கணினிக்குள்ளோ தொலைதூரத் திரை இணைப்பிலோ ஓடிக்கொண்டிருக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் 'மவுஸ் இன்டக்ரேஷன்' என்பதை அணைத்தால் தீரும். தொலைதூர இணைப்பில் ஆடாமல் இருப்பதே மேல். வெறுமனே மவுஸின் வேகம்தான் அதிகம் என்றால் அமைப்புக் கோப்பின் 'சென்சிட்டிவிட்டி' வரியில் 100ஐ 50 ஆக்கினால் போதும்.

டூமில் மவுஸை மேலே தள்ளினால் ஆள் முன்னே நடப்பது கோளாறு அல்ல, ஆட்டமே அப்படித்தான். பிடிக்காதவர்களுக்காக 'நோவெர்ட்' என்ற சிறு நிரல் இருக்கிறது. டூமுக்கு முன் அதை ஓட்டினால் நேர்க்குத்து அசைவு நின்றுவிடும்.

படத்தில் சொடுக்கிச் சொடுக்கிக் கதை நகர்த்தும் சாகச ஆட்டங்களுக்கு டாஸ்பாக்ஸே வேண்டாம். ஸ்கம்வி.எம். என்ற நிரல் போதும். அது அவற்றின் இயந்திரத்தையே புதிதாக எழுதியிருப்பதால் ஐ.ஆர்.க்யூ. தொல்லையோ மவுஸ் சண்டையோ இல்லை. அத்தகைய ஆட்டமான 1994இன் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' 2003 முதல் இலவசம். அதையும் உபுண்டு களஞ்சியத்திலிருந்தே நிறுவலாம்.

எல்லாம் சரியானதும் அந்த அமைப்புக் கோப்பின் பிரதியொன்றை ஆட்டத்தின் அடைவுக்குள்ளேயே வையுங்கள். ஒரு ஆட்டத்துக்குப் பொருந்தும் எண் இன்னொன்றைக் கெடுக்கலாம் என்பதால் இனி பொதுக் கோப்பைத் தொடாமல் ஆட்டத்துக்கு ஒரு கோப்பு என்று பிரித்துக்கொள்வது நல்லது. பள்ளி மடிக்கணினி என்றால் எதையும் நிறுவும் முன் ஐ.டி. ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். கோப்பின் முதல் வரியில் ஹேஷ் குறி போட்டு, எதை எதற்காக மாற்றினீர்கள் என்று தமிழிலோ மலையாளத்திலோ எழுதி வைக்கலாம். ஹேஷில் தொடங்கும் வரியை டாஸ்பாக்ஸ் கண்டுகொள்ளாது, அதே கணினியை அடுத்துத் திறக்கும் பிள்ளைக்கு அது உதவும்.